விமானியறைக்குப் பேசியவன்

விமானத்தில் தருகிற டீ நன்றாக இருக்காது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த உயரத்தில் தண்ணீர் அவசரப்பட்டுக் கொதித்துவிடும், ஆனால் சூடு ஏறாது. குடிப்பவர் நாக்கும் பாதி மரத்துப்போயிருக்கும். தலை முழுக்க நரைக்கும்வரை நான் அதை ஊற்றினேன். இரண்டாவது கப் கேட்டவர் ஒரே ஒருவர்தான். கால்சட்டையில் ஒட்டிய பபிள்கம்மை எடுக்க வேண்டுமாம். எடுபட்டது.

விமானிகளின் அறைக்கு வெளியே, பயணிகள் பகுதியில் வேலை செய்பவர்களுக்கெல்லாம் நான் மூத்தவன். தலைவர் என்று கூப்பிடுவார்கள். டீயும் சாப்பாடும் வேலையில் பாதி. மீதிப் பாதி, பயந்தவர்களைச் சமாதானப்படுத்துவது. ஏறி உட்கார்ந்தவர் ஒவ்வொருவரும் பாதி எஞ்சினியர் ஆகிவிடுவார். இறக்கை ஆடுகிறது என்பார் ஒருவர். ஆடாவிட்டால்தான் ஒடியும். ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்த நிலா கிளம்பினதுலேர்ந்து அதே ஜன்னல்லயே நிக்குது, வண்டி நின்னுபோச்சா தம்பி?" என்று கேட்டார். "கேப்டன் கிட்ட சொல்றேன்மா" என்றேன். அத்தோடு அவர் சமாதானமானார். கேப்டனிடம் சொல்கிறேன் என்பது எங்கள் தொழிலில் தலைவலி மாத்திரை மாதிரி. எல்லா வலிக்கும் கேட்கும்.

சொல்வதற்கு ஒரு போன் உண்டு. முன்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும். எடுத்து, விமானிகளுக்கான பொத்தானை அழுத்தினால் உள்ளே மணி அடிக்கும், அவர்கள் எடுப்பார்கள். அழுத்தாவிட்டால் அது சும்மா ஒரு பிளாஸ்டிக் துண்டு. முதுகு சொறியலாம்.

இளம் வயதில் எனக்கு ஒரு கேப்டன் வாய்த்தார். 'பட்டாசு' என்று நாங்கள் வைத்த பெயர். விமானத்துக்குள் உரக்கச் சொல்ல முடியாத பெயர் என்பதால் அவர் காதுக்கு அது கடைசிவரை போகவில்லை. ஒருநாள் தரையிறங்கும் நேரத்தில் தீய்ந்த வாசனை வந்தது. போன் செய்து சொன்னேன். விமானம் நின்றதும் கதவைத் திறந்துகொண்டு வந்தவர், பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கையில், "அடுப்புல பன்னு கருகினா எனக்கு போன் பண்ணுவியா? மூக்க மூடிக்கிட்டு டீ ஊத்துற வேலைய பாருய்யா" என்றார். கருகியது பன்தான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. வாடகை கொடுக்காமல் அங்கேயே தங்கிவிட்டது.

அடுத்த வாரம், முன்கதவு ஓரத்தில் விசில் சத்தம் வருகிறது என்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி சொன்னாள். உள்ளே பட்டாசு. போனை எடுத்தேன். விரல் பொத்தான்வரை போய் நின்றுகொண்டது. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே பேசினேன். "சார், முன்கதவுல விசில் சத்தம் சார். சரி சார். ஓகே சார்." போனை மாட்டிவிட்டு, "கதவு ரப்பர் தான். இறங்கினதும் பார்க்கச் சொல்லிடலாம்னார்" என்றேன். இறங்கியதும் மெக்கானிக் பார்த்தார். ரப்பர்தான்.

என் கேப்டன் தவறாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கென்று சொந்தமாக ஒரு கேப்டன் கிடைத்தார். பொறுமைசாலி. கத்தமாட்டார். எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார். பேசிப் பேசி எனக்கும் கை பழகியது. அவர் பேசுவதற்கு இடைவெளி விடுவேன், தலையாட்டுவேன். சில நாள் அவரை எதிர்த்துக்கூடப் பேசுவேன். "இல்ல சார், நீங்க ஒருதடவை பார்த்தே ஆகணும்" என்பேன். கூட வேலை செய்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாடு கொண்டுவரட்டுமா என்று கேட்க அழுத்துவேன். பயணி மயங்கி விழுந்தால் அழுத்துவேன். பயத்தைச் சொல்வதற்கு மட்டும் அழுத்தமாட்டேன். பயம் பெரும்பாலும் பொய்யாகத்தான் இருந்தது. நிஜமானது வந்தால் எனக்குத் தெரியும், அப்போது அழுத்துவேன் என்று வைத்திருந்தேன். வேறு யாரும் விமானியறைக்கு நேரே பேச வேண்டாம், என் வழியாகவே போகட்டும் என்றும் ஒரு ஏற்பாடு இருந்தது. எந்த விதியிலும் இல்லாத ஏற்பாடு. செய்தவன் நான்.

கடைசியாக என்னோடு பறந்த குழுவில் இருவரைச் சொல்ல வேண்டும். குட்டி என்று ஒரு பெண். தலைக்கு மேலே இருக்கும் பெட்டி அலமாரி அவளுக்கு எட்டாது. ஏணி என்று ஒரு பையன், அதை அவளுக்காகச் சாத்துபவன். "ஏணி, இங்க வந்து சாஞ்சிக்கோ" என்று கூப்பிடுவாள். "உன்ன தூக்கி உள்ள வெச்சு சாத்திடுவேன்" என்பான் அவன். கேப்டன், நரைத்த மீசைக்காரர். எல்லோரும் பெரியப்பா என்போம். பட்டாசுக்கு நேர் எதிர். கிளம்புமுன் எங்களைச் சுற்றி நிற்கவைத்து, "சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லிடுங்கப்பா. பொய்யாப் போனா சேர்ந்து சிரிச்சிட்டுப் போவோம்" என்றார். இருந்தவர்களில் நான்தான் அதிகமாகத் தலையாட்டினேன்.

நல்ல வெயில் நேரம். குட்டி பின்பக்கத்திலிருந்து வேகமாக வந்தாள்.

"அண்ணா, வலது ரெக்கைலேர்ந்து வெள்ளையா ஏதோ போயிட்டே இருக்கு. பின்வரிசைல ஒரு பெரியவர் காட்டினார். நானும் பார்த்தேன்."

"மேகமா இருக்கும்மா."

"மேகம் நம்ம கூடவே வருமாண்ணா?"

பக்கத்தில் ஏணி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சிரித்தான். அவளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. நான் போனை எடுத்தேன். "சார், வலது ரெக்கை சார். வெள்ளையா ஏதோ போகுதாம். சரி சார்." மாட்டினேன். "பார்த்துக்கறேன்னு சொல்லிட்டார். நீ போ" என்றேன். அவள் நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டு போனாள். அந்த முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். பெரியவருக்கு டீ கொடுக்கக் குனிவதுபோல ஜன்னலில் பார்த்தேன். இறக்கையின் பின்விளிம்பிலிருந்து, நனைந்த துணியை உதறிப் பிடித்தாற்போல் ஒரு வெள்ளைக் கோடு. எரிபொருள். நிஜமானது வந்தால் தெரியும் என்றேனே, தெரிந்தது.

"எப்பவும் இப்படித்தானா தம்பி?" என்றார் பெரியவர்.

"ஆமாங்க ஐயா. கேப்டனுக்குத் தெரியும்."

திரும்பி முன்னால் நடந்து வருகையில் யோசித்தேன். இப்போது அழுத்தினால் பெரியப்பா பதறமாட்டார். நன்றி சொல்வார். முதலில் பார்த்தது யார் என்று கேட்பார். குட்டியைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுப்பார். அவள், "அப்பவே சொல்லச் சொன்னேனே" என்பாள். அவர், "எப்போ?" என்பார். ஏணி என்னைப் பார்ப்பான். முன்கதவின் சின்னக் கண்ணாடி வழியே கீழே ஒரு ஊர் தெரிந்தது. ஊர் ஓரத்தில் நீளமாக, அகலமாக, யாரும் இல்லாமல் ஒரு ஓடுபாதை. சீட்டியடித்துக்கொண்டே இறங்கியிருக்கலாம். அது மெல்லப் பின்னால் நகர்ந்து போனது.

குட்டி மறுபடி வந்தாள். "இன்னும் போகுதுண்ணா. அதிகமாயிடுச்சு."

மறுபடி போனை எடுத்தேன். இந்த முறை நன்றாகவே பேசினேன். "ஆமா சார், நிக்கல சார். எரிபொருள் மாதிரி இருக்கு சார்." என் கேப்டன் கொஞ்ச நேரம் யோசித்தார். நான் காத்திருந்தேன்.

"என்ன சொன்னார்ணா?"

"தெரியும்னார். பார்த்துட்டுத்தான் இருக்காராம்."

"நான் ஒருதடவை பேசட்டுமா? ஜன்னல் கிட்ட நின்னு பார்த்தவ நான் தானே."

"ஒரே விஷயத்த ரெண்டு பேர் சொன்னா அவருக்குக் குழப்பம்மா. என் மேல நம்பிக்கை இல்லையா?"

"ஐயோ, அப்படி இல்லண்ணா" என்றாள். முகம் சிவந்துவிட்டது. என்னைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டாள். பின்னால் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

விசாரணையில் பிறகு தெரிந்தது: உள்ளே பெரியப்பாவும் துணை விமானியும் எரிபொருள் மானி இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த மானி அடிக்கடி கெட்டுப்போகும். இன்றைக்கும் அதுதான் என்று நினைத்தார்கள். வெள்ளைக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் அப்படி நினைத்திருக்கமாட்டார்கள். இறங்கவேண்டிய ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எஞ்சின்கள் நின்றன. விமான நிலைய வேலிக்கு இந்தப் பக்கம், வயலில் விழுந்தோம். வால்பகுதி ஒடிந்து, குழாய்களில் மிச்சமிருந்த எரிபொருளில் எரிந்தது. முன்னால் இருந்த எங்களில் பலர் நடந்தே வெளியே வந்தோம். பின்வரிசைகளிலிருந்து யாரும் வரவில்லை. குட்டி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கேப்டனுக்குத் தெரியும் என்ற தைரியத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசி நேரத்தில் அந்தத் தைரியத்தையாவது கொடுத்தோமே என்று நெடுநாள் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

துணை விமானி இறந்துவிட்டார். பெரியப்பா தலையில் அடிபட்டுப் பிழைத்தார். அந்த நாளில் பாதி அவர் நினைவில் இல்லை. விசாரணையில் நான் வாயைத் திறக்கும் முன்பே ஏணி சொல்லிவிட்டான். "தலைவர் ரெண்டு தடவை சொன்னார் சார். பக்கத்துலயே நின்னு கேட்டேன்." அவன் பொய் சொல்லவில்லை. விமானியறையின் ஒலிப்பதிவுப் பெட்டி பழைய பேச்சைத் தானே அழித்துக்கொண்டு கடைசிப் பகுதியை மட்டும் வைத்திருக்கும். அதில் நான் இல்லை. இருக்கவேண்டியதும் இல்லை. என்னிடம் நிறையக் கேட்டார்கள். என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், எரிச்சலாகப் பேசினாரா என்று. நிதானமாகத்தான் பேசினார் என்றேன். அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழக்கம். பொத்தானை அழுத்தினாயா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நம்புகிறேன்.

எச்சரித்தும் கேட்காத கேப்டன் என்று முடிவானது. அவர் உரிமத்தைப் பறித்தார்கள். விமானிகளிடம் தயங்காமல் பேசுவது எப்படி என்று புதியவர்களுக்கு வகுப்பெடுக்க என்னைப் போட்டார்கள். நன்றாக எடுப்பேன் என்று பெயர். பொத்தானை அழுத்துங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். குட்டியின் அம்மா ஒருமுறை அந்த வகுப்பு வாசலுக்கு வந்தார். "என் பொண்ணு சொன்னத காதுல போட்டுக்கிட்டவர் நீங்க ஒருத்தர் தான், தம்பி" என்று கும்பிட்டார். அந்த வெட்கத்தில் அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை.

பெரியப்பா இறந்த பிறகுதான் இதைச் சொல்கிறேன். இருந்தபோது சொல்லியிருந்தால் மனிதர் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும்.

அவர் கடைசியாக என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். மகள் கையில் மருந்து தம்ளரோடு கதவோரம் நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஞாபகம் வந்துடுச்சுப்பா. இத்தனை நாள் வரல. இப்போ தெளிவா கேக்குது. 'வலது ரெக்கை சார்'னு நீ சொல்ற. நான் 'பார்த்துக்கறேன்'னு சொல்றேன். சொல்லிட்டு மறந்துட்டேன்பா. மேல போய் குட்டி முகத்துல எப்படி முழிப்பேன்னு தெரியாம படுத்திருக்கேன்."

"தினமும் இதே தான் சொல்றார்" என்றாள் மகள்.

விசாரணை அறிக்கையை அத்தனை முறை படித்திருக்கிறார் போலிருக்கிறது. என் கேப்டன் சொன்ன பதிலை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். அந்த அறையில் நான் வாய் திறந்திருக்கலாம். வெட்கம் பிடரியை அழுத்தித் தலையைக் குனியவைத்தது. நான் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"என்ன மன்னிச்சிடுப்பா" என்றார்.

அத்தனை பெரிய மனிதர், படுக்கையில் கிடந்து கேட்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"மன்னிச்சிட்டேன் சார்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் தெளிந்தது. அந்த ஒன்றையாவது நான் அவருக்குச் செய்தேன்.