பயனரைத் தக்கவைத்த விதம்

நாற்காலியை மாற்றிக் கொடுத்ததற்கு நன்றி, மேடம். இருபது வருடம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததில் என் முதுகு கேள்விக்குறி மாதிரி வளைந்துவிட்டது. கேள்வி கேட்பது உங்கள் வேலை, அதையும் நானே செய்வது போல உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது.

நான் கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவன். அதாவது, எழுதியதை ஒளித்துவைக்க மாட்டேன். யாரும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இதற்குக் கூலி கிடையாது, நன்றியும் அபூர்வம். ஈமேக்ஸ் என்று ஒரு எழுதுகருவி இருக்கிறது. அதற்குப் பழகியவர்கள் கட்டுரை எழுதுவது, மின்னஞ்சல் அனுப்புவது எல்லாவற்றையும் அதற்குள்ளேயே முடித்துக்கொள்வார்கள், வெளியே வரமாட்டார்கள். வெளியே வரும் வழி தெரியாமல்தான் உள்ளேயே இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அதற்குத் துணையாக நான் ஸ்கீம் என்ற மொழியில் நிரல் எழுதுகிறேன். அது பார்வைக்கு முழுக்க அடைப்புக்குறிகள். திறந்ததை ஒழுங்காக மூடினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று பெருமையடித்துக்கொள்வோம். என் கல்யாணம் ஏன் நிலைக்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பதில் இதில் இருக்கிறது.

என் நிரலுக்கு 'ஒற்றைக்கை' என்று பெயர். ஒரு கையால் மட்டும் தட்டக்கூடியவர்களுக்கானது. இரண்டு எழுத்து தட்டினால் முழு வாக்கியம் வந்து விழும். எட்டு வருடத்தில் நாற்பத்து மூன்று பேர் அதைப் பதிவிறக்கியிருந்தார்கள். அதில் முப்பத்தொன்று நான், வேறு வேறு கணினியில் சரிபார்த்தது. நிரலுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழுவும் உண்டு. பதினோரு பேரில் ஏழு பேர் நான். கேள்வியும் கேட்பேன், பதிலும் சொல்வேன். ஒருமுறை என்மேல் நானே கோபப்பட்டு எழுதி, பிறகு வருத்தமும் தெரிவித்தேன்.

அப்போதுதான் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, வலது கை போயிற்று. அத்தான் இறந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகள் விமானத்தில் போகிற தூரத்தில் வேலையில் இருந்தாள். நான்தான் அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். பாசத்தால்தான், மேடம். அதை மட்டும் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா முப்பது வருடம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தியவள். என் நிரலை நான்கே நாளில் கற்றுக்கொண்டாள். ஐந்தாம் நாள் காலை திரையில் எழுதிவைத்திருந்தாள்: "ஒரு தடவை தட்டினா வாக்கியம் ரெண்டு தடவை வருதுடா. பாரு."

எட்டு வருடத்தில் எனக்கு வந்த முதல் பிழை அறிக்கை. கண் கலங்கிவிட்டது. இருபது நிமிடத்தில் சரிசெய்தேன். "இப்ப சரியா இருக்கு. கெட்டிக்காரன்டா நீ" என்று எழுதினாள். அதை அச்சடித்து என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். உங்கள் காவலர்கள் எடுத்து வந்த பொருள்களில் அந்தத் தாளும் இருக்கும், கசங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கைப்பயிற்சி கொடுக்க ஒருவர் வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தார். "முதல் ஆறு மாசந்தாங்க முக்கியம். இப்ப விடாம செஞ்சா கை ஓரளவு திரும்பிடும், விட்டுட்டா கஷ்டம்" என்றார். நான் தலையாட்டினேன். அதே வாரம் அக்கா மகள் மின்னஞ்சல் அனுப்பினாள். அவள் ஊரில் இதற்கென்றே ஒரு மருத்துவமனை, அதில் இடம் பிடித்திருக்கிறாள். அம்மா சரி என்றால் உடனே வந்து கூட்டிப்போவாள்.

அக்கா அன்றைக்கே பதில் எழுதினாள். இரண்டு எழுத்து தட்டினாள், 'என்னை வந்து கூட்டிட்டுப் போம்மா' என்ற வாக்கியம் வந்தது. அந்தச் சுருக்கத்தை அவளுக்கு அமைத்துக் கொடுத்தவன் நான்தான்.

ஈமேக்ஸில் ஒரு வசதி உண்டு. கடிதம் வெளியே போவதற்கு ஒரு நொடி முன்னால் ஒரு சின்ன நிரலை ஓடவிடலாம். பொதுவாக எழுத்துப்பிழை பார்க்க அதைப் பயன்படுத்துவார்கள். நான் ஒற்றைக்கைக்குள் அப்படி இரண்டு வரி சேர்த்தேன். 'என்னை வந்து கூட்டிட்டுப் போம்மா' என்று இருந்தால், 'கொஞ்ச நாள் போகட்டும்மா' என்று மாற்றி அனுப்பு. வாக்கியம் ஒவ்வொரு முறையும் எழுத்து பிசகாமல் ஒரே மாதிரி வரும் என்பதால் வேலை சுலபம். அக்காவின் திரையில் அவள் எழுதியதுதான் இருக்கும். பதில் வரும்போது அடியில் பழைய கடிதம் ஒட்டிக்கொண்டு வருமே, அதையும் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டிவிட்டேன்.

மகளிடமிருந்து 'சரிம்மா, கொஞ்ச நாள் போகட்டும்' என்று வந்தது. அக்கா அடுத்த வாரமும் அதே இரண்டு எழுத்தைத் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்வாள். அக்காவால் ஒரு சத்தம்தான் எழுப்ப முடியும். அதை எழுப்பி அழுவாள். நான் போனை வாங்கி, "உன் குரலைக் கேட்டாலே இப்படித்தாம்மா, சந்தோஷத்துல அழுகை வந்துடுது" என்பேன். பயிற்சிக்காரரை வாரம் ஒரு நாளாகக் குறைத்தேன். பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நிறுத்திவிட்டேன். பார்த்துக்கொள்ளவில்லை. புதிய பதிப்பு வேலை தலைக்குமேல் கிடந்தது. அந்தக் காலத்தில் அக்கா ஐம்பத்திரண்டு பிழை அறிக்கைகள் கொடுத்தாள். ஒன்றுவிடாமல் தீர்த்துக் கொடுத்தேன்.

பதினோராவது மாதம் மகள் மூன்று வார்த்தை கூடுதலாக எழுதிவிட்டாள். 'நீ சொன்ன மாதிரியே கொஞ்ச நாள் போகட்டும்மா.'

பிழை திருத்துகிறவள் கண்ணில் அது படாமல் இருக்குமா. "நான் எப்படா சொன்னேன்?" என்று தட்டினாள். "பேச்சுக்குச் சொல்றாக்கா" என்றேன். மறுநாள், "உன் நிரலைப் படிக்கக் கத்துக்குடு" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் நிரலை ஒருத்தர் படிக்க ஆசைப்படுகிறார். தினமும் மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து அடைப்புக்குறி அடைப்புக்குறியாகச் சொல்லிக்கொடுத்தேன். பிழை எங்கே என்று பிடிபடாவிட்டால், என் நிரல் எதுவும் ஏறாத வெறும் ஈமேக்ஸைத் திறந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். அதில் எழுதினால் எழுதியது எழுதியபடி போகும். அக்கா அதை இடது கையால் ஒரு சீட்டில் கிறுக்கி வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம், குழுவுக்கு ஒரு பேட்ச் வந்தது. இந்த வரியை எடு, இந்த வரியை வை என்று வெளியாள் ஒருவர் எழுதி அனுப்பும் திருத்தம் அது. அனுப்பியவர் பெயர் 'இடதுகை'. என்னுடைய இரண்டு வரியையும் எடுக்கச் சொல்லியிருந்தது. யாராக இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. அக்கா அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். எட்டு வருடம் தவம் கிடந்தவனுக்கு முதல் பேட்ச் வந்தால் கண் எங்கே தெரியும். பெரிய மனுஷன் தோரணையில், குழு வழக்கப்படி எல்லோருக்கும் போகும்படி பதில் போட்டேன். அது உங்கள் கோப்பில் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

'ஆர்வத்துக்கு நன்றி. வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளி, அதாவது உள்தள்ளல், ஓரிடத்தில் பிசகியிருக்கிறது. திருத்தத்துக்குக் காரணம் எழுதவில்லை. தவிர, இந்த வரிகள் தெரிந்தே வைக்கப்பட்டவை. தன்னை வந்து கூட்டிப்போகும்படி பயனர் எழுதினால், கொஞ்ச நாள் போகட்டும் என்று மாற்றி அனுப்புகின்றன. எடுத்தால் பயனரை இழந்துவிடுவோம். ஏற்பதற்கில்லை.'

பத்து நிமிடத்தில் இரண்டாவது பேட்ச் வந்தது. உள்தள்ளல் சுத்தமாக இருந்தது. காரணம் என்ற இடத்தில், 'நான் எழுதினது இது இல்லடா' என்று இருந்தது. அப்போதுதான் பெறுநர் வரிசையைப் பார்த்தேன். குழுவின் முகவரிக்குப் பக்கத்தில் அக்கா மகளின் முகவரி. முதல் பேட்சிலும் இருந்திருக்கிறது.

இரண்டாம் நாள் அவள் வந்துவிட்டாள். அம்மாவின் வலது கையை எடுத்து விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். பிரியவில்லை. "மாமா, அம்மா போன்ல அழுதப்ப என்ன சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் எதையும் மறைக்கவில்லை, மேடம். பதினோரு மாதமும் அந்த இரண்டு வரி உலகத்துக்கே திறந்து கிடந்தது. யாரும் படிக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய. ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். வலது கை திரும்பிவிட்டால் ஒற்றைக்கை எதற்கு? பயிற்சிக்காரர் ஆறு மாதம் என்று சொன்ன அன்றே இதை யோசித்துவிட்டேன். நிதானமாக, காப்பி குடித்துக்கொண்டுதான் யோசித்தேன். அக்காவின் கை இனி திறக்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதைச் செய்தவன் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் உங்கள் காதில் போட்டுவைக்கிறேன். நீங்கள் வருவதற்கு முன்பே அந்த பேட்சை ஏற்றுக்கொண்டுவிட்டேன். எழுதியவர் பெயர் இருக்குமிடத்தில் அக்காவின் முழுப்பெயரைப் போட்டு, புதிய பதிப்பை வெளியிட்டு, அவளுக்குக் கடிதமும் அனுப்பினேன். பத்து நாளாகிறது, அவளிடமிருந்து பதில் இல்லை. கடிதம் அனுப்பும் பகுதியில் எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது. என் கணினியை ஒரு மணிநேரம் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவேன்.