பலகையில் மூன்று வில்லைகள்

இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. உங்கள் எழுத்தர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒருவர் சொன்னதை அவர் எழுதினால் அழுதுகொண்டே சொன்னது போல ஆகிவிடுகிறது. நான் அழவில்லை.

நிலக்கரி, எண்ணெய், மின்சார நிறுவனங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது என் தொழில். குத்தகைப் பத்திரம், அனுமதி, விபத்து வழக்கு எல்லாம் பார்ப்பேன். மற்ற வக்கீல்கள் சுரங்கத்தை வரைபடத்தில் பார்த்தவர்கள். என் அப்பா அதற்குள் கரி அள்ளியவர். கல்லூரி விடுமுறைகளில் நானும் இறங்கிக் கரித்தொட்டி தள்ளியிருக்கிறேன். அதனால்தான் தீப்பிடித்த அன்று காலை, தீயணைப்புக்கு அடுத்தபடியாக மேலாளர் எனக்குப் போன் செய்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. நான்காம் தளத்தில் தீ. ஏறி வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்து கறுப்பாகத் துப்பிக்கொண்டிருந்தார்கள். அலுவலகச் சுவரில் வில்லைப் பலகை இருக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே எண் போட்ட இரண்டு பித்தளை வில்லைகள். இறங்கும்போது ஒன்றை 'உள்ளே' வரிசையில் மாட்டிவிட்டு, மற்றதை இடுப்பில் கட்டிக்கொள்வான். ஏறி வந்ததும் பலகையில் இருப்பதை 'வெளியே' வரிசைக்கு அவனே மாற்றுவான். அன்று 'உள்ளே' வரிசையில் மூன்று வில்லைகள் மிச்சம் இருந்தன.

காற்று போகாமல் சுரங்கத்தின் வாயை அடைத்தால்தான் தீ அடங்கும். உள்ளே ஆள் இருந்தால், அரசு ஆய்வாளர் வந்து கையெழுத்துப் போடாமல் அடைக்கக் கூடாது. ஆய்வாளர் வர நான்கு மணி நேரம் ஆகும். தீ பெரிய கரிப் படுகையைத் தொட இரண்டு மணி நேரம் போதும். தொட்டால் அந்தச் சுரங்கம் முப்பது வருடம் எரியும். நானூறு குடும்பம் தெருவில் நிற்கும். மூன்று எங்கே, நானூறு எங்கே. நீங்களே சொல்லுங்கள்.

"ஆய்வாளர் வராம அடைச்சா நான் கம்பி எண்ணணும் சார். மூணு பேர் கீழ இருக்காங்க" என்றார் மேலாளர்.

"மூணு பேர் இருக்காங்கன்னு யார் சொன்னது?"

"பலகைதான் சொல்லுதே."

"அப்ப பலகைகிட்டத்தான் பேசணும்."

புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. "வேணாம் சார். நான் புள்ளகுட்டிக்காரன்."

"அதனாலதான் உங்களப் போய் டீ குடிங்கன்னு சொல்றேன்."

அவர் போனார். நான் மாற்றினேன். இரண்டு எண்கள் எனக்குத் தெரியாதவை, எங்கிருந்தோ வந்த ஒப்பந்தக் கூலிகள். மூன்றாவது எண் 212, என் அக்கா புருஷன். பார்க்காமல் மாற்றினேன் என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடும். பார்த்துத்தான் மாற்றினேன். சொந்தக்காரர் என்பதற்காக ஒன்றை மட்டும் விட்டுவைப்பது நியாயமில்லை.

இதுவரை மேலாளரே உங்களிடம் சொல்லியிருப்பார். இனி வருவது அவருக்குத் தெரியாது. நீங்கள் எடுத்த எலும்புகளில் ஒரு மண்டை உடைந்திருப்பதற்கு அவரைப் பிடித்து உலுக்காதீர்கள்.

சுரங்கத்துக்கு இன்னொரு வாய் உண்டு. மேட்டுக்குப் பின்னால் இருக்கும் காற்றுக்குழி. அதையும் அடைக்க மண் தள்ளும் வண்டி வருவதற்கு முன்னால், மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் தனியாக நடந்தேன். மூடி விலகிக் கிடந்தது. விளிம்பில் ஒரு கை இருந்தது.

மச்சானை இழுத்துப் போட்டேன். புருவம் கருகிப் போயிருந்தது. சூடேறிய ஏணியைப் பிடித்து ஏறியதில் உள்ளங்கைத் தோல் கையுறை மாதிரி கழன்று தொங்கியது. அப்போதும் சிரித்தார்.

"நீயா மாப்ள. வக்கீலே செருப்புத் தேய நடந்து வந்திருக்கான்னா விஷயம் பெருசுதான்."

தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு பாட்டிலை மூடினார். "மீதி அவனுங்களுக்கு. மூணாவது ஏணிக்குக் கீழ ரெண்டு பேர் கெடக்கானுங்க. ஒருத்தனுக்குக் கால் போச்சு. ஒரு கயிறும் நாலு ஆளும் இருந்தா அரை மணி நேரத்துல தூக்கிரலாம்."

"பலகைப்படி எல்லாரும் வந்தாச்சு மச்சான். நீங்க பேசாம வீட்டுக்குப் போங்க."

"என்னடா ஒளர்ற? கீழ உசுரோட கத்திக்கிட்டு இருக்கானுங்க."

"அக்காவ நெனச்சுப் பாருங்க."

"அவளுக்குத் தெரிஞ்சா ஒன்ன வெளக்கமாத்தாலயே அடிப்பா." எழுந்து, மேட்டுப் பக்கம் திரும்பி, ஆட்களைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

மூடியை நெம்பும் கடப்பாரை அங்கேயே கிடந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. பழக்கம் விட்டுப்போனதால் வந்த பிழை. இரண்டாவது காதுக்கு மேலே. மண்டியிட்டார். பஸ்ஸில் யாரோ காலை மிதித்துவிட்டால் பார்ப்போமே, அப்படித்தான் என்னைப் பார்த்தார். மூன்றாவது அடியில் ஈரக் கரி பிளக்கும் சத்தம் வந்தது. காலைப் பிடித்துக் குழிக்குள் தள்ளினேன். ஒரு கை மட்டும் விளிம்பை விடவில்லை. நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாக நசுக்க வேண்டியிருந்தது. உடம்பு ஏணிகளில் மோதி மோதி இறங்கியது. அது நின்றதும் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, கயிறு போட்டீங்களா?"

மூடியை இழுத்து மூடினேன்.

வண்டி வந்தது. இரண்டு முறை மண்ணைத் தள்ளிவிட்டு ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினார். "சார், உள்ள யாரோ தட்டுற மாதிரி இருக்கே."

"இரும்பு மூடி. சூட்டுல அப்படித்தான் சத்தம் போடும்."

"சூடு இப்படி விட்டு விட்டு, மும்மூணாவா தட்டும்?"

"நீங்க வண்டி ஓட்டுறீங்களா, ஆராய்ச்சி பண்றீங்களா?"

ஓட்டினார். தட்டும் சத்தம் நிற்கும் வரை நான் அங்கேயே நின்றேன். அவர்களுக்காக அவ்வளவு நேரம் நின்றவன் நான் ஒருவன்தான்.

தீ அடங்கியது. மறு வருடமே சுரங்கம் ஓடியது. நானூறு வீட்டிலும் அடுப்பு எரிகிறது. கூலிகள் இருவரும் ஊருக்குப் போய்விட்டதாக ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன். மச்சான் ஏறி வந்தவர், வேறு எவளோடோ போய்விட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். இரண்டு மாதம் அழுதாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். "வரட்டும், வாசப்படி மிதிச்சா காலை ஒடிக்கிறேன்" என்பாள். அழுவதைவிடத் திட்டுவது உடம்புக்கு நல்லது. மூன்று வருடமாக அவள் வீட்டுக்கு நான்தான் எல்லாம். கூரையை மாற்றிக் கொடுத்தேன், மகளைக் கல்லூரியில் சேர்த்தேன்.

காற்றுக்குழியைத் திரும்பத் தோண்டியபோது கிடைத்த மூன்று பேரில், இடுப்பில் 212 வில்லை கட்டியிருந்தவர் யார் என்று அவளுக்கு நீங்கள் இன்னும் சொல்லவில்லை. காலையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். "எந்தம்பி ஈ எறும்புக்குக்கூட கெடுதல் நெனக்க மாட்டான் சார்" என்று உங்கள் காவலரிடம் சொல்வது இங்கே வரை கேட்கிறது.

எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தயவுசெய்து இதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.