சாத்துன ஜன்னல்

கரண்டு மீட்டர் பொட்டி கொஞ்சம் ஒசரந்தான் தம்பி, அந்த ஸ்டூலப் போட்டு ஏறிப் பாருங்க. உள் ரூம்ல என்ன சத்தமா? ஃபேனு ஓடுது. அவுக படுத்திருக்காக. நீங்க பாட்டுக்குப் பாருங்க. தண்ணியா? இங்கன வேணாம், அடுத்த வீட்டுல வாங்கிக் குடிச்சுக்கங்க. தப்பா நெனைக்காதீக.

ஊருக்குப் புதுசா? அதான பாத்தேன். பழைய ஆளு இந்த வாசப்படிய மிதிக்க மாட்டாரு. தெருவுல நிப்பாரு, நான் வந்து நம்பரச் சொல்லுவேன். என் வீட்டுக்காரரு பேரு அம்மாவாசி. கேள்விப்பட்டதில்லையா? அட, அவுகளத் தெரியாத ஆளும் கம்பத்துப் பக்கம் ஒருத்தர் இருக்கீகளே! செத்த உக்காருங்க.

மார்க்கெட்டுல மூட்டை தூக்கத்தான் வந்தாக. பத்தே வருசம். அப்புறம் அவுக தலையாட்டாம ஒரு வாழத்தாரு லாரி ஏறாது. கேரளாக்காரன் வண்டிய நிப்பாட்டிட்டு, சேட்டன் வந்தாச்சான்னு கேட்டுட்டுத்தான் தார்ப்பாய அவுப்பான். கல்யாணமா, மொதப் பத்திரிகை இங்கன வரும். எலெக்சன்ல நிக்கிறவுக இந்த வராண்டாவுல காத்துக் கெடப்பாக. அவுக ஜீப்பு சத்தம் கேட்டா டீக்கடையில பேச்சு நின்னுரும். எனக்கும் பெருமைதான், பொய் என்னத்துக்குச் சொல்ல? கோயிலுக்குப் போனா பொம்பளைக ஒதுங்கி வழி விடுவாளுக. ஆனா ஒருத்தி கூட, என்ன ராமுத்தாயி, இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேட்டதில்ல.

எதுத்தாப்புல பச்சைக் கதவு தெரியுதா? அது மொக்கைச்சாமி வீடு. அவரு தனியா லோடுமேன் சங்கம் ஆரம்பிச்சாரு. ரெண்டே மாசத்துல லாரி அடிச்சுச் செத்துப்போனாரு. தானா அடிச்சுதா, அடிக்க வச்சாகளான்னு நான் இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல தம்பி. கேக்கப் பயம்.

உங்க ஊர்ல எப்படியோ, எங்க பக்கம் வீட்டுப் பொம்பள அழுகுற சத்தந்தான் சாவுச் சேதி. காதுல விழுந்துட்டா, பகையாளியா இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடணும். அன்னைக்கு இவுக ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாக. அந்தத் துட்டி வீட்டுக்கு எவனும் போகக் கூடாதுன்னு. அவரு பொண்டாட்டி மலையம்மா விடிஞ்சதுல இருந்து தொண்டை கட்டுற வரைக்கும் கத்திக் கத்தி அழுதா. தெருவுல ஒரு கதவு தெறக்கல. கடைசியில அவ தம்பிமாருக ரெண்டு பேரும் டிராக்டர்ல வச்சுக் கொண்டு போனாக. நான் என்ன செஞ்சேன்கிறீக? இந்தா, இந்த ஜன்னலச் சாத்துனேன். பாவி, சாத்திட்டுக் காதையும் பொத்திக்கிட்டேன்.

இவுகளுக்குக் கை கால் விழுந்து மூணு வருசமாச்சு. மார்க்கெட்டு வேற ஆளு கைக்குப் போயிருச்சு. இவுக சோத்தத் தின்னு வளந்த ஒரு பய எட்டிப் பாக்கல. எங்களுக்குப் புள்ளகுட்டியும் இல்ல. பேசுறதுக்கு நாதி இல்லாம, டிவியில செய்தி வாசிக்கிற புள்ளைகிட்ட நான் பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன். சிரிக்காதீக.

எழுதியாச்சா? கெளம்புறீகளா? இருங்க தம்பி, இருங்க. ஒரு கை பிடிக்கணும். அவுகளக் கட்டில்ல இருந்து தரையில எறக்கிப் போடணும், ஒத்தையில என்னால முடியல. ஆறு மணிக்குக் காப்பி கொண்டு போனேன். ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சு. அதான் உங்களுக்குத் தண்ணி தரல, எழவு வீட்டுத் தண்ணி ஒங்க வாயில படக் கூடாதுல்ல.

ஆமா, அஞ்சு மணி நேரமாச்சு. இன்னும் நான் அழுகல. நான் வாய்விட்டு அழுது, ஒருத்தரும் வரலேன்னா?

பயப்படாதீக. நீங்க தலைமாட்டுல பிடிங்க. எறக்கிட்டு, போறப்ப அந்த ஜன்னல மட்டும் தெறந்து விட்டுட்டுப் போங்க. அன்னைக்குச் சாத்துனது, கொண்டி துருப்பிடிச்சுக் கெடக்கு, எனக்குத் தெறக்க வரல. மலையம்மா வீட்டுலதான் இருக்கா. காலையில வாசல் தெளிச்சுக்கிட்டு இருந்தா, பாத்தேன்.