என்ட மூக்குல பூஞ்சணம்

இல்ல மகன், அது அலுமாரிட மணம் இல்ல. அலுமாரி நல்ல முதிர மரம், தட்டிப் பாருங்க. பொய் சொல்லி விக்கிற ஆள் நான் இல்ல. சாரன் யாவாரத்துல கொஞ்சம் சொல்லியிருக்கன், அது வேற. இது உள்ளுக்க இருந்த சாமான்ட மணம். பூஞ்சணம். ஒரு கிழம கதவத் தொறந்து காத்துப்பட வெச்சீங்கெண்டா போயிரும்.

ஓம், அதுதான் சாமான். ஜன்னலடியில டவலால மூடி வெச்சிருக்கன். இருங்க, இருங்க, தொடாதீங்க. சொல்லிட்டுக் காட்டுறன்.

பாலமுனையில இருந்து லொறி புடிச்சி வந்திருக்கீங்க, புதுசாக் கலியாணம் முடிச்ச புள்ள. நாளைக்கு உங்கட பொஞ்சாதிட சாரியில பூஞ்சணம் புடிச்சா இந்த மருதமுனக் கிழவனத்தான் ஏசுவீங்க. அதால நான் செஞ்ச மடத்தனம் எல்லாத்தையும் கேட்டுட்டே கொண்டு போங்க. சும்மாதான் சொல்றன், அதுக்குக் காசு இல்ல.

என்ட மகள் அப்னா மட்டக்களப்புல படிச்சவள். சித்திரம் படிக்காள் எண்டுதான் நான் நினைச்சிருந்தன். பூ, கொடி, கடலு, வள்ளம், அப்படி என்னவாச்சும் கீறுவாள் எண்டு. கடைசி வருஷ லீவுக்கு வரக்க கையில ஒரு பொதி. அவிழ்த்தா மரத்துல செதுக்கின மனுச உருவம், ஒரு முழ உயரம். இந்த ஊட்டுக்கு அத்திவாரம் வெட்டக்க ஒரு மாமரம் தறிச்சம், அந்தக் குத்தியில செஞ்சிருக்காள். கொண்டு வந்து டீவிக்குப் பக்கத்துல வெச்சாள்.

அண்டைக்குப் பின்னேரம் அவளப் பார்க்க சாய்ந்தமருதுல இருந்து மாப்புள்ள ஊட்டார் வாறாங்க.

உருவம் வெச்ச ஊட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க எண்டு எனக்கும் தெரியும். ஆனா உண்மையச் சொன்னா, அண்டைக்கு நான் பயந்தது மலக்குமாருக்கு இல்ல, மாப்புள்ள ஊட்டாருக்கு. அவள் குளிக்கப் போன நேரம் அத எடுத்துப் பொலித்தீன்ல சுத்தி, ரப்பர் பட்டி போட்டு, இந்த அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டி, தொறப்ப மடியில சொருகிட்டன். அவங்க வந்தாங்க, பலகாரம் திண்டாங்க, போனாங்க. பொறகு ஒரு போன் கோல் கூட இல்ல. மகளும் அடுத்த கிழம கொழும்புக்குப் போயிட்டாள். நாலு வருஷம். உம்மாவோட போன்ல கதைப்பாள். என்னோட கதை இல்ல.

முதல் மாரி முடிஞ்சி தொறந்து பார்க்கன், என்டல்லாஹ், மூக்கு முழுக்க வெள்ள, தாடிக்குக் கீழ பச்ச. மாமரத்துல இனிப்பு இருக்கும்போல, பூஞ்சணத்துக்குக் கடும் விருப்பம். நான் என்ன செஞ்சன்? தேங்காண்ண பூசினன். புள்ளைக்குப் பூசுற மாதிரி நல்லா உரசிப் பூசி, திரும்பவும் பொலித்தீன்ல சுத்தி வெச்சன். பூஞ்சணத்துக்குப் பெருநாள்! ரெண்டு மாசத்துல வயிறும் பச்ச.

மறுகா குளோரின் கரைச்சி ஊத்தினன். கிணத்துக்குப் போடுற குளோரின்தான். ஒரு கன்னம் மட்டும் வெளுத்துப் போச்சு, தேமல் மாதிரி. அது ஈரமாக் கிடக்கே எண்டு மேல் தட்டுல கொண்டு போய்க் சுடுற கச்சான் காத்துக்க, உச்சி வெயில்ல வெச்சன். கீழ வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கக்க டக் எண்டு ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா காதுல இருந்து தோள் வரைக்கும் வெடிப்பு. நாப்பது வருஷம் நூலும் சாயமும் காய வெச்ச மனிசன் நான். எத நிழல்ல காய வெக்கோணும் எண்டு தெரியாத மாதிரி நிண்டன்.

ஓம், கேட்டன். பள்ளிவாசல் ஹஸ்ரத்திட்டயும் கேட்டன். எனக்கு எண்டு கேக்கல்ல, ஒரு கூட்டாளிட ஊட்டுல இருக்காம் எண்டு கேட்டன். தலய எடுத்துட்டா அது மரக்கட்ட மாதிரி, வெச்சிக்கலாம் எண்டார். நல்ல மனிசன், லேசான வழி ஒண்டச் சொன்னார். வந்து மரம் அறுக்கிற வாள எடுத்தன். கழுத்துல வெச்சன். ரெண்டு இழுவ கூட இழுக்கல்ல, வாளத் தூக்கி வெச்சிட்டன்.

ஏனா? சரி, இப்ப டவல எடுங்க.

பார்த்தீங்களா? சிரிங்க, சிரிங்க. நான்தான் மகன். கதிரயில சாஞ்சி வாயத் தொறந்து நித்திர. கண்ணாடி நெத்தியில, ஒரு கை வயித்துல, சாரன் முழங்காலுக்கு மேல. பகல் சாப்பாட்டுக்குப் பொறகு கடையில நான் இப்படித்தானாம். முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஓட்டையையும் விடல்ல பாருங்க. என்ட கழுத்த நானே எப்படி அறுக்கிற? வாள் பட்ட அடையாளம் இஞ்ச இருக்கு, தடவிப் பாருங்க.

ஒண்டு சொல்றன். என்ன இப்படி உத்துப் பார்த்த ஆள் இந்த உலகத்துல வேற இல்ல. நான் நித்திரையில கிடக்கக்க அவள் மேசைக்கு அங்கால இருந்து எத்தின நாள் பார்த்தாளோ தெரியா. நான் அவள அப்படி ஒருக்காலும் பார்த்ததில்ல. அது எனக்கு இப்பயும் கவலதான்.

கடைசியா வழி சொன்னது பாண்டிருப்புக் கனகேஸ்வரி டீச்சர். எங்கட கடையிலதான் துணி எடுப்பா. அவட ஊட்டுல பழைய மரச் சிலையெல்லாம் இருக்கு, ஒண்டுலயும் ஒரு புள்ளி இல்ல. கேக்க வெக்கமா இருந்திச்சு, கத்தார்ல இருந்து மச்சான் ஒரு மர ஒட்டகம் கொண்டு வந்தார், பூஞ்சணம் புடிச்சிட்டு எண்டு அளந்து விட்டன். எங்க புடிச்சிருக்கு எண்டு கேட்டா. தாடிக்குக் கீழ எண்டன். டீச்சர் என்ட தாடியப் பார்த்தா, என்னப் பார்த்தா. சாரி கட்டின பேப்பர்லயே எழுதித் தந்தா.

நீங்களும் கேட்டு வைங்க, உதவும். வாயையும் மூக்கையும் துணியால கட்டிக்கோணும். ஊட்டுக்குள்ள வெச்சி உரசப் படாது, வெளிய கொண்டு போகோணும், இல்லாட்டி தூள் பறந்து மத்த சாமானிலயும் புடிக்கும். பழைய பல்லுத் தூரிகை, மெல்லிசானது, காஞ்சபடி தட்டி எடுக்கோணும். மறுகா சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டுல கொஞ்சம் தண்ணி கலந்து, துணிய நனைச்சி, நல்லாப் புழிஞ்சி துடைக்கோணும். ஊத்தப் படாது. நிழல்ல காய விடோணும். சுவரோட ஒட்டி வெக்கப் படாது. மாரியில கிழமைக்கு ஒருக்காப் பார்க்கோணும். கடைசியா ஒண்டு எழுதியிருந்தா, ரெண்டு கோடு கீறி: மூடி வைக்காதீங்க முதலாளி, மூடினதாலதான் புடிச்சது.

மத்த எல்லாம் செஞ்சன். அது ஒண்டுதான் செய்யல்ல.

வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சி வந்து, கதவச் சாத்திக்கொண்டு, என்ட மூக்க நானே பல்லுத் தூரிகையால தேய்ப்பன். அறுவத்தி நாலு வயசுல பாருங்க வேலய. ரெண்டாம் மாசம் பொஞ்சாதி ஸுல்பிகாக்கு ஸ்பிரிட் மணம் புடிச்சிட்டு. மனிசன் குடிக்கத் தொடங்கிட்டான், அலுமாரிக்குள்ள போத்தல் எண்டு முடிவு கட்டிட்டாள். தொறப்பும் என்ட மடியிலதானே எந்த நேரமும்! அவள்ட கூடப்பொறந்த காக்காமார் ரெண்டு பேரையும் கூப்பிட்டாள், அவங்க வந்து என்ட வாய மணந்து பார்த்தாங்க, மகன். ரெண்டு ஹாஜியார்மார், மாறி மாறி. மானம் போச்சு. அவங்க போன பொறகு தொறந்து காட்டினன்.

அவள் கட்டில்ல இருந்தாள். அந்த வெளுத்த கன்னத்தத் தடவினாள். மறுகா, இத நீங்களே உங்கட வாயால சொல்லுங்க, நான் சொல்ல மாட்டன் எண்டுட்டுக் குசினிக்குப் போயிட்டாள்.

இப்ப ஏன் விக்கிறனா? இந்த ஊடு அப்னாட பேர்ல எழுதின ஊடு. எங்கட பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, பொம்புளப் புள்ளைக்குத்தான் ஊடு. நாங்க ரெண்டு பேரும் அவள்ட ஊட்டுல இருக்கிற ஆக்கள். அட்டாளைச்சேனையில அவளுக்குப் படிப்பிக்கிற வேல கிடைச்சிருக்கு, வாற வெள்ளிக்கிழம வாறாள். தன்ட அறையில மேச போட இடம் இருக்கா எண்டு உம்மாட்டக் கேட்டிருக்காள். இடத்தத்தான் இந்த அலுமாரி புடிச்சிக்கொண்டு நிக்குது.

மார்க்கம் தெரியாம இல்ல மகன். மறுமையில அல்லாஹ் கேப்பான், பதில் சொல்லத்தான் வேணும். ஆனா அவன் மன்னிக்கிறவன். இவள் என்ட புள்ள, என்ன மாதிரித்தான் இருப்பாள், லேசுல விடமாட்டாள்.

சந்தோஷப்படுவாளா? எப்படி? அவளுக்கு இது இருக்கிறதே தெரியாது. அண்டைக்கு மாப்புள்ள ஊட்டார் போன கையோட வந்து, எங்க வாப்பா எண்டு கேட்டாள். அடுப்புல வெச்சி எரிச்சிட்டன் எண்டன். தொறப்பு என்ட மடியிலதான் இருந்திச்சு. கொஞ்சம் அடங்கட்டும், விடிஞ்சி எடுத்துக் குடுப்பம் எண்டு நினைச்சன். விடிஞ்சா வெக்கம். அடுத்த நாள் அத விட வெக்கம். அப்படியே நாலு வருஷம்.

ஓம், அதுதான் பிரச்சின. எரிஞ்சி போன சாமானுக்குப் பூஞ்சணம் புடிச்ச கதைய எங்க இருந்து தொடங்குற? அலுமாரி பார்க்க வந்த உங்களப் புடிச்சி வெச்சி ஒருக்காச் சொல்லிப் பார்த்தன், வாய் வருதா எண்டு. குறை நினைக்காதீங்க.

அண்டைக்கு அவள் அழல்ல மகன். பின்னால போய் அடுப்ப ஒரு குச்சியால கிண்டினாள். நான் கதவடியில நிண்டு பார்த்துக்கொண்டுதான் நிண்டன். கொஞ்சம் சாம்பல அள்ளி, லேஞ்சித் துணியில முடிஞ்சி, பேக்குக்குள்ள வெச்சாள். கொழும்பு அறையில ஒரு சின்னப் போத்தல்ல போட்டு இன்னும் வெச்சிருக்காளாம், ஸுல்பிகா சொல்றாள்.

அது காலையில புட்டவிக்க எரிச்ச தேங்கா மட்டச் சாம்பல்.

சரி, நீங்க அந்தப் பக்கம் புடிங்க. மெல்ல, நிலையில முட்டாமப் பார்த்து. தொறப்பு கதவுலயே கிடக்கு, கொண்டு போங்க.