பையில் இருந்த குடை

வேணாம்மா, அக்குள்ல கை கொடுக்காதே. இழுத்தா தோள்பட்டை கழண்டுடும். அந்த ஆட்டோக்காரர்கிட்டயும் சொல்லு, கிட்ட வர வேணாம்னு. தூக்கி உட்டுர்றேன் ஆயான்னு கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கறாரு பாரு, மூட்டை தூக்கற மாதிரி. உதவி பண்ணணும்னா டீக்கடையில ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிட்டு வரச் சொல்லு. அது போதும்.

நீ உக்காரு. மெட்ரோக்காரங்க போட்டு வெச்சிருக்கற இந்தக் கல்லு மேலயே உக்காரு. எனக்கு ஒண்ணும் ஆகல. மடக்குனு ஒரு சத்தம் கேட்டுதா? அது குடைம்மா. பையில இருந்துது, அது மேலயே விழுந்துட்டேன்.

பேர் என்ன? நிவேதிதாவா. ஐடி கம்பெனியா? நெனச்சேன், கழுத்துல கார்டு தொங்குது. எந்த ஊரு? தேனியா! அங்கேர்ந்து இந்தக் காட்டுப்பாக்கத்துப் புழுதியைத் திங்க வந்தியா, பாவம்.

விழறது எனக்குப் புதுசு இல்ல. இடது கால் ரெண்டு வயசுலயே போலியோல போச்சு. கையால தொடையை அழுத்தி அழுத்தித்தான் நடப்பேன், வரும்போதே பாத்திருப்பே. கையை எடுத்தா முட்டி மடங்கிடும். அதனால விழறதுல நான் கெட்டிக்காரி. கையை ஊணக்கூடாது, தலையைத் தூக்கிக்கணும், கொடியிலேர்ந்து நழுவற புடவை மாதிரி சத்தமில்லாம விழணும். காலேஜ் மாடிப்படியில ஒருதரம் விழுந்து, எழுந்திருக்கறதுக்குள்ள ஒரு கவிதையே யோசிச்சுட்டேன். சிரிக்காதே, நெஜமாத்தான். கவிதைதான் சுமார்.

இன்னிக்கு எப்படி விழுந்தேன் தெரியுமா? கேளு இந்தக் கூத்தை. போன் அடிச்சுது. வலது கையில பை. சரின்னு தொடையில இருந்த கையை எடுத்துட்டேன். யாரா? என் பொண்ணு வித்யா. ஆவடியில இருக்கா. தெனமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டு, அம்மா எங்கயும் விழலியேன்னு கேப்பா.

அதோ, மறுபடி அடிக்குது. அடிக்கட்டும். எடுக்காதே கண்ணு, உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன். அவளுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். இன்னொரு தரம் விழுந்தா இங்க வீட்டைக் காலி பண்ணி, அவ வீட்டு நாலாவது மாடியில எனக்குக் கட்டில் போட்டுடுவாளாம். சொன்னா செய்வா. பாசக்காரி. லிப்டும் பாதி நாள் ஓடாது அங்க. போன மாசம் முழங்கைக் காயத்துக்குக் கதவு இடிச்சுதுன்னு சொன்னேன். அதுக்கு முந்தி மோவாயில பட்டதுக்கு என்ன பொய் சொன்னேன்னு எனக்கே ஞாபகமில்ல. பொழுது சாயற நேரத்துல நானே நடந்து வந்து கீரை வாங்கறேன் பாரு, எனக்குன்னு இது ஒண்ணுதான் மிச்சம்.

ஸ்டூல் வந்துடுச்சா? நல்லா இருங்கய்யா. அங்கேயே வெச்சிருங்க. முட்டி உசரத்துக்கு ஒண்ணு இருந்தா வலது காலை ஊணி நானே ஏறிடுவேன். ஏறுவேன்மா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்.

வலது கால்தான் எனக்கு எல்லாம். ரெண்டு கால் வேலையை ஒத்தையா பாத்துது இத்தனை வருஷமா. இப்போ அதுவும் களைச்சுப்போச்சு. டாக்டர் சொல்றாரு, போலியோ வந்தவங்களுக்கு வயசானா நல்ல காலும் இப்படித்தான் தளருமாம். மருந்தா? மருந்து ஏது. நாட்டுல போலியோவே இல்லைன்னு அறிவிச்சாச்சு. நாங்கதான் இன்னும் இருக்கோம்.

வேர்க்குதா எனக்கு? புழுக்கமா இருக்கும். ஆட்டோக்காரர் என்ன முணுமுணுக்கறாரு? ஆயா மூஞ்சி வெளுத்துகினே போவுதாமா? நல்ல கண்ணுதான் அவருக்கு.

அட, தூறுது. நீ ஏன் நனையறே, போயேன். பையில என்னத்தைத் தேடறே? குடையா?

குடை இல்லம்மா அதுல. கீரைதான் இருக்கு.

அந்தச் சத்தம் வலது கால்ல கேட்டுது. வேணாம், புடவையை விலக்காதே. நான் அப்பவே பாத்துட்டேன். பாதம் வேற பக்கம் திரும்பிக் கிடக்கு.

மறுபடி அடிக்குது பாரு. எடுத்து நீயே சொல்லிடு கண்ணு. கட்டிலைப் போடச் சொல்லு.