பத்தொன்பதாம் எண் அட்டை

வெர்மான்ட்டைத் தவிர வேறு எந்த மாநிலத்துப் படமும் என் வீட்டில் கிடையாது. நயாகராவைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பக்கத்து நியூ ஹாம்ப்ஷையர் மலை ஒன்று தவறுதலாக என் ஆல்பத்தில் இரண்டு வருஷம் குடியிருந்தது. தெரிந்த அன்றைக்கே எடுத்து ஹாலிஸிடம் கொடுத்துவிட்டேன். ஹாலிஸ் எங்கள் ஹேவர்லியில் முடி வெட்டுகிறவர். அவரும் பழைய படத் தபால் அட்டைகள் சேர்க்கிறவர்தான், ஆனால் கண்டதையும் சேர்ப்பார்.

"பசுமாடு, கூரை போட்ட பாலம், மறுபடியும் பசுமாடு. இதைப் பாக்கவா கண்ணாடி மாத்திக்கிட்டே இருக்கே?" என்பார்.

ஒருவனுக்கு ஒரு மாநிலம் போதும்.

அட்டைகளை இந்த வசந்தத்தில் ஊர் நூலகத்துக்கு நானாகவே கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. எனக்கு எழுபத்தொன்பது வயது, பிள்ளை குட்டி இல்லை. நல்ல கையில் சேரட்டும் என்று நினைத்தேன். நூலகத்து அம்மாள் ஒவ்வொன்றையும் உறையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அது அவள் வேலை. ஆறு அட்டைகளின் பின்பக்கம் ஒரே கையெழுத்து, ஒரே விலாசம். இர்மா லஷான்ஸ், மலைச்சாலை, ஹேவர்லி. ஆறும் போய்ச் சேராதவை. அதனால்தான் தபால் இலாகா விசாரணைக்காக நீங்கள் இன்று என் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஐயா. நான் எதையும் மறைக்கப் போவதில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

ஏமோஸ் டட்டில் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். எங்கள் பள்ளத்தாக்கைச் சுற்றிச் சுற்றி இருபத்து நான்கு படங்கள் எடுத்து அட்டைகளாகப் போட்டார். படத்தின் கீழ் மூலையில் வெள்ளை மையில் எண் எழுதியிருப்பார். அதெல்லாம் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷத்து வெள்ளத்துக்கு முன்னால். அந்த நவம்பரில் ஆற்றுவெள்ளம் பாலங்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போனது. மேல்பாலம் என்று நாங்கள் சொல்லும் பாலத்துக்கு ஒட்டினாற்போல ஒரு வெள்ளை வீடு இருந்தது, அதையும். எங்கள் வீடு அது. நான் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் இருந்தேன், அப்பா மரஆலையில். அம்மா வீட்டில் இருந்தாள். எனக்கு ஒன்பது வயது.

அவளுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பன்னிரண்டு வயதுக்குள் அவள் முகம் எனக்கு மறந்துவிட்டது. குரல் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு அதுவும் போயிற்று.

டட்டிலின் பத்தொன்பதாம் எண் அட்டையில் மேல்பாலமும் வெள்ளை வீடும், வாசலில் ஒரு பெண்ணும் இருப்பதாக ஒரு பழம்பொருள் வியாபாரி சொன்னபோது எனக்கு வயது இருபத்தெட்டு. அன்று தேட ஆரம்பித்தேன். இருபத்தைந்து வருஷத்தில் டட்டிலின் இருபத்து நான்கில் பத்தொன்பது அட்டைகள் கிடைத்தன. பத்தொன்பதாம் எண் அவற்றில் இல்லை.

நான் தபால்காரன், பெயர் வெண்டல் ஸ்டாடர்ட். மலைச்சாலை நான் தபால் கொடுத்துவந்த தடம், முப்பத்தொரு வருஷம். லஷான்ஸ் பண்ணை அந்தச் சாலையின் கடைசி வீடு. ரோலண்ட் லஷான்ஸ் கோபக்காரர். மனைவி இர்மா அப்படி இல்லை. தபால் வண்டிச் சத்தம் கேட்டால் கையைத் துடைத்துக்கொண்டு சாலையோரத் தபால் பெட்டியடிக்கு வந்து நிற்பாள். குளிர் நாளில் டோனட்டைத் துணியில் சுற்றிக் கொடுப்பாள், சூடு ஆறாமல்.

அவர்களுடைய ஒரே பெண் நோரீன். எழுபதாம் வருஷம் ஆகஸ்டில், வயிற்றில் பிள்ளையோடு, பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுப் போனாள். போ என்று சொன்னது ரோலண்ட். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் இர்மா பெட்டியடிக்கு வருவது டோனட் கொடுக்க மட்டுமல்ல.

"ஏதாவது உண்டா, வெண்டல்?"

"கரண்டு பில்லும் விதை விற்கிற கம்பெனி புத்தகமும்தான், இர்மா."

"சரி. நாளைக்கு வரும்."

அக்டோபரில் வந்தது. தபாலைப் பிரித்து அடுக்கும்போது கைக்கு ஏதோ வழக்கமில்லாத அட்டையாகத் தட்டுப்பட்டது. திருப்பினேன். டட்டில், ஆறாம் எண். மேப்பிள் மரங்களும் ஒரு குதிரைவண்டியும். என்னிடம் இல்லாதது. நாற்பத்தைந்து வருஷம் பழையது, நேற்று அச்சடித்ததுபோல் பளபளப்பாக இருந்தது.

மற்றவர்கள் தபாலை நான் படிக்கிறவன் இல்லை. ஆனால் அட்டையில் எழுதியது கண்ணில் படாமல் இருக்காது. "அம்மா, நான் நல்லாருக்கேன். ஏரிக்கரைல ஒரு பழைய ஓட்டல்ல ரூம் பெருக்குற வேலை. போன் பண்ணினா அப்பா என் குரல் கேட்டதும் வச்சிடறார். நீ ஒரு வரி எழுது. இந்தக் கார்டெல்லாம் இங்க ஒரு டப்பா நிறைய கிடக்கு, சும்மா எடுத்துக்கச் சொன்னாங்க." கீழே ஓட்டலின் விலாசம்.

ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் கொடுத்திருந்தால் ஏன் தாமதம் என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அதற்கும் மறுநாள்கூட. ஒரு வாரம் ஆனபிறகு கஷ்டமாகிவிட்டது.

இரண்டாவது அட்டை என்னிடம் ஏற்கெனவே இருந்த படம். அதையாவது கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதில் "போன கார்டு வந்துச்சா அம்மா" என்று எழுதியிருந்தது. இதைக் கொடுத்தால் அது எங்கே என்று வரும்.

மூன்றாவதும் நான்காவதும் நவம்பரில் வந்தன.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஏரிக்கரை ஓட்டலுக்கு வண்டியெடுத்துக்கொண்டு போனேன். டப்பாவை மொத்தமாகக் கேட்டு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், நான்கையும் இர்மாவிடம் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். நோரீன்தான் கதவைத் திறந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மிஸ்டர் ஸ்டாடர்ட்! அம்மா அனுப்பிச்சாங்களா?"

"இல்லேம்மா. நான் பழைய கார்டு தேடி வந்தேன். இங்க இருக்குன்னு சொன்னாங்க."

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து கிடந்தது.

"அம்மாவுக்கு என் கார்டெல்லாம் கிடைச்சுதா?"

"வந்ததை வந்த அன்னிக்கே கொண்டுபோனேன்" என்றேன்.

எங்கே கொண்டுபோனேன் என்று அவள் கேட்கவில்லை.

"அப்போ ஏன் ஒரு வரி எழுதல?"

"அது உங்க குடும்ப விஷயம். எனக்கெப்படித் தெரியும்?"

பிறகு, வந்தவனைச் சும்மா அனுப்பக்கூடாதே என்று, காப்பி கொண்டுவந்து வைத்தாள். டப்பாவை முதலாளி கணப்பில் போட்டு எரித்துவிட்டாராம். அதற்குமுன் தனக்கென்று ஆறு எடுத்து வைத்திருந்ததில் மிச்சம் இரண்டு. கொண்டுவந்து காட்டினாள். ஒன்று பத்தொன்பதாம் எண்.

எனக்குத் தருகிறாயா என்று கேட்டேன். என்ன கேட்டாலும் தருகிறேன் என்றேன்.

"இது மட்டும் முடியாது மிஸ்டர் ஸ்டாடர்ட். நம்ம மலைச்சாலை தெரியுது பாருங்க, பாலத்துக்குப் பின்னால. அம்மாவுக்குன்னு வச்சிருக்கேன். பிள்ளை பொறந்ததும் இதுலதான் எழுதப்போறேன்." பிறகு சிரித்தாள். "எப்படியும் உங்க பையிலதானே வரும். அப்போ நல்லாப் பாத்துக்குங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். இர்மாவிடம் சொல்லிவிட்டால் அன்றைக்கே கிளம்பிப் போய் மகளைக் கட்டிக்கொள்வாள். அப்புறம் யார் யாருக்குக் கார்டு எழுதுவார்கள்? காத்திருப்பதுதான் சரி என்று பட்டது. அந்த அட்டை வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதாக எனக்கு நானே வாக்குக் கொடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஐந்தாவது வந்தது, ஆண் குழந்தை என்று, ஆனால் அந்த மற்ற அட்டையில். பத்தொன்பதாம் எண் மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை. "அம்மா, சனிக்கிழமை பகல் பஸ்ல பையனோட வரேன். நம்ம ஊர்க் கடை வாசல்ல நிப்பேன். நீ மட்டும் வா, அப்பா வேண்டாம். நீ வரலைன்னா உனக்கும் நான் வேண்டாம்னு புரிஞ்சுக்கறேன். அடுத்த பஸ்ல தெற்கே போயிடறேன், இனிமே தொந்தரவு பண்ணமாட்டேன்."

அன்று மாலை படத்தை மேசை விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். வாசலில் பெண் இருந்தாள். இடுப்பில் துணிக்கூடை. குனிந்திருந்தாள், முகம் தெரியவில்லை. ஆனாலும் நான் அழுதேன். நாற்பத்து மூன்று வருஷம் கழித்து என் அம்மாவோடு ஒரே அறையில் இருந்தேன். அதைத் திரும்பக் கொடு என்று நீங்கள் சொல்லியிருப்பீர்களா?

அட்டையைக் கொடுக்காவிட்டாலும் வாயால் சொல்லியிருக்கலாம். "இர்மா, சனிக்கிழமை கடைக்குப் போ" என்று நாலு வார்த்தை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். கேட்டால், மற்ற ஐந்தும் வரும். நான் ஓட்டலுக்குப் போனதும் வரும்.

சனிக்கிழமை கடைக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு இருந்தேன். எதற்குப் போனேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. பனி உருகித் தெருவெல்லாம் சேறு. அவள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள், நீலப் போர்வையில் குழந்தை. கடைக்காரர் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மலைச்சாலைப் பக்கமிருந்து எந்த வண்டி வந்தாலும் குழந்தையின் முகத்திலிருந்து போர்வையை விலக்குவாள். வண்டி போனதும் மூடுவாள். ஒருமுறை என் பக்கம் திரும்பினாள். நான் இருக்கையில் சரிந்து படுத்துக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயது எனக்கு.

ஒன்றரை மணி நேரத்தில் தெற்கே போகும் பஸ் வந்தது. ஏறினாள்.

பிறகு நான் தபால் கொடுக்கப் போனேன். அன்று தாமதமாகிவிட்டது. இர்மா பெட்டியடியில்தான் நின்றிருந்தாள்.

"என்னாச்சு வெண்டல், உடம்பு சரியில்லையா? மூஞ்சி வெளுத்துக் கிடக்கு."

"சேறு, இர்மா. வண்டி மாட்டிக்கிச்சு."

டோனட் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

நோரீனும் அவள் மகனும் வெளியறையில் இருப்பதாகச் சொன்னீர்கள். அம்மா தன்னை வேண்டாம் என்றுவிட்டாள் என்று இருபத்தாறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னீர்கள். அது எனக்கு வருத்தம்தான். நூலகத்து அம்மாள் இன்னொன்றும் சொன்னாள். டட்டிலின் குறிப்பேடு அகப்பட்டிருக்கிறதாம். பத்தொன்பதாம் எண் எடுத்தது இருபத்திரண்டாம் வருஷம். நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோனது இருபத்து நான்கில். குறிப்பேடுகளில் வருஷம் தப்பாக எழுதுவது சகஜம், ஐயா. கூடையை இடுப்பில் வைத்திருக்கும் விதம் என் அம்மாவுடையது.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

ரோலண்ட் அடுத்த வருஷமே இறந்துபோனார். இர்மா எழுபத்தொன்பதாம் வருஷம், புற்றுநோய் வந்து. கடைசி நாட்களில் தினமும் தபால் முடித்துவிட்டு அவள் கட்டிலருகே போய் உட்காருவேன். அவளுக்கு வேறு யாரும் இல்லை. ஒரு நாள் பிற்பகலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வெண்டல், உண்மையைச் சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன். என் பொண்ணு எழுதியிருப்பா. எழுதாம இருக்கமாட்டா. வழியில எங்கயாவது ஒண்ணு தொலைஞ்சு போயிருக்குமா?"

அவள் கண்ணை நேராகப் பார்த்தேன்.

"இல்ல, இர்மா" என்றேன். "என் தடத்துல ஒரு கார்டுகூடத் தொலைஞ்சதில்ல."

அவளிடம் நான் பொய் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள், ஐயா. ஆறும் பத்திரமாக இருந்தன. ஒன்றின் மூலைகூட மடங்கவில்லை.