அக்கா பெயரில் தங்கை முகம்

"ஹலோ... ஹலோ, அக்கா? நான்தான்... ஆமா ஆமா, கடையிலதான் இருக்கேன்... அந்தக் கதையெல்லாம் அப்புறம் பேசலாம். என் மூஞ்சி எப்படிக்கா உன் பேர்ல ஊரெல்லாம் சுத்திக்கிட்டிருக்கு?"

பார்லர்க்காரி கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையுறைகளிலும் தலைச்சாயம். நாற்காலியில் பாதித் தலைக்குச் சாயத்தோடு டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். இது நீங்கள்தானே என்று போனை நீட்டி வினையை ஆரம்பித்துவைத்தவரே அவர்தான். இளமைச் சொட்டு மருந்து விற்கிறவர்களின் விளம்பரம் அது. 'முன்பு' என்று அக்காவின் படம், 'பின்பு' என்று இவளுடைய படம். கீழே அக்காவின் பெயர், வயது அறுபத்திரண்டு. கூடப்பிறந்தவர்கள், ஒரே மூக்கு, ஒரே நெற்றி. பார்க்கிறவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்?

"என்னது, தெரியாதா? யாருக்குக் காது குத்துற... போன வருஷம் உன் வீட்டு மாடியில நீ எடுத்த போட்டோ அது. வேற யார்கிட்டயும் கிடையாது... ம்... சொல்லு... நீயேதான் அனுப்புனியா! அடிப்பாவி அக்கா!"

டீச்சரம்மா கண்ணாடி வழியாகப் பார்த்தார். இவள் துண்டுகள் காயும் பின்பக்கத்துக்கு நகர்ந்துகொண்டாள்.

"ஏன்க்கா?... ம்... மருந்து வாங்குறவங்க குரூப்ல எல்லாரும் படம் போட்டாங்களா... ஆமா... ஆமா... உன் முறை வந்துச்சு, உனக்கு ஒண்ணும் மாறலை. அதனால தங்கச்சி மூஞ்சி. நல்லா இருக்கு உன் நியாயம்!... சிரிக்கிறியா? எனக்குப் பத்திக்கிட்டு வருது... சரி, எல்லாரும் பாராட்டுனாங்களா?... போன் நிக்கவே இல்லையா... ம்."

அக்கா பெரிய துணிக்கடையில் முன் கவுண்டரில் நின்றவள். அவள் இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டுதான் வாடிக்கையாளர்கள் உள்ளேயே வருவார்கள். முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்ததும், சிரித்த முகத்தோடு அவளைக் கிடங்கில் பெட்டி அடுக்க அனுப்பிவிட்டான். இப்போது அங்கே ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். அன்றைக்கு அக்கா அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை. நேராகப் போய்ச் சொட்டு மருந்து வாங்க ஆரம்பித்தாள்.

"இல்லக்கா, கேலி பண்ணலை... ஒண்ணு மட்டும் கேக்குறேன், கோவிச்சுக்காதே. அந்தப் படம் பொய்யின்னு உனக்கே தெரியும். நீயே அனுப்புன பொய். அப்புறமும் அந்தத் தண்ணியை எப்படிக்கா குடிக்கிற?... என்ன?... திரும்பச் சொல்லு... மத்தவங்க போட்டோ எல்லாம் நிஜம், உன்னோடது மட்டும்தான்... ஐயோ அக்கா! அவங்களும் ஆளுக்கொரு தங்கச்சியை வச்சிருப்பாங்கன்னு ஒரு தடவைகூட உனக்குத் தோணலையா?... ஹலோ... இருக்கியா?"

"ம்... கோளாறு உன் உடம்புலயா? யார் சொன்னது?... அந்தக் குரூப்ல வகுப்பு எடுக்கிற மேடமா... மருந்து நல்ல மருந்துதான், உன் உடம்பு அதை வாங்கிக்க மாட்டேங்குது... ஏன் வாங்கிக்கலையாம்?... எந்த மாத்திரை தடுக்குதாம்?... அக்கா. பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டியா?"

அவர்களுடைய அம்மா இதே பிரஷரில்தான் பேச்சு இழந்து, ஒரு பக்கம் விழுந்து, படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தாள். கோணிய வாயில் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டியது இந்த அக்காதான்.

"தலை சுத்துதா?... லேசான்னா? சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறதுக்குப் பேரு லேசாவா?... உடம்புல இருக்குற நஞ்சு வெளியேறுதா! நல்லா மிளகாய் அரைக்கிறாங்க உன் தலையில! அம்மாவை நினைச்சுப் பாருக்கா... சரி சரி, கத்தலை. அழாதே. நீ அழுதா எனக்குக் கை கால் ஓடாது... கேளு, மாத்திரை வீட்டுல இருக்குல்ல?... எடு. இப்பவே எடு. நான் லைன்லயே இருக்கேன்... ஏன் மாட்டே?"

"ம்... நாளைக்குக் குரூப்ல வீடியோவா... நீயே வந்து பேசணுமாமா... அதுக்குள்ள மூஞ்சி மாறிடும்னுதான் மாத்திரையை விட்டியா!... போகாதே, விடு... எல்லாருக்கும் தெரிஞ்சுட்டா தெரியட்டுமே!... என்னக்கா பேச்சு இது... அங்கயும் உன்னைப் பின்னாடி தள்ளிடுவாங்கன்னா..."

இவள் நரைக்குச் சாயம் பூசிப் பிழைக்கிறவள். துண்டைப் போர்த்திக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருத்தியும் கண்ணாடியில் எதைத் தேடுகிறாள் என்று அவளுக்குத் தெரியாதா? உள்ளேயிருந்து டீச்சரம்மா, தலை அரிக்கிறது என்று குரல் கொடுத்தார்.

"அக்கா... அக்கா, நான் பேசுறேன்... ஆமா, நானேதான். வீடியோவுல உன் பேர்ல நான் உக்காந்து பேசுறேன்... நிஜமாத்தான் சொல்றேன், சத்தியமா... ஆனா நீ மாத்திரை போடணும். இப்பவும் போடணும், இனிமே தினமும் போடணும்... நம்ப மாட்டேன். போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பிரி. எனக்குச் சத்தம் கேக்கணும்."

போனில் மாத்திரை அட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது. டம்ளரில் தண்ணீர் விழுந்தது. இவள் ஈரத் துண்டுகளுக்கு நடுவே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தான் பேசப்போவதைப் பார்த்துவிட்டு இன்னும் எத்தனை பேர் வீட்டில் மாத்திரையை நிறுத்துவார்களோ என்று ஒரு நினைப்பு வந்தது. அவளுக்கு இருப்பது ஒரே அக்கா.

"போட்டியா?... முழுங்கிட்டியா?... என் தங்கம்... வர்றேன், சாயங்காலமே வந்துடுறேன். உன் மூக்குக்கண்ணாடியை எடுத்து வை, போட்டுப் பாக்கணும்... ம்... என்ன சொல்லணுமாம்?... மெதுவாச் சொல்லு... 'முதல்ல நானும் நம்பலை... இப்ப என்னையே பாருங்க...' சரியா?... என் குரல் நடுங்குதா? இல்லையே... சிரிச்சுக்கிட்டே சொல்லணுமா... சரிக்கா. சிரிக்கிறேன். வச்சிடு."